பனைக் கல்மரம்: பொறுக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஹூஸ்டன் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் வார இறுதியில் ஏரி, ஓடை என்று சுற்றிவிட்டுக் கையில் ஒரு கல்லோடு திரும்புகிறார்கள். அன்று இரவே வாட்ஸ்அப்பில் படம் வரும்: "இது கல்மரமா? பனையா?" எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் என்பதால் பதில்களை இங்கே சேர்த்து வைக்கிறேன். சொல்வதெல்லாம் பெரும்பாலும் டெக்சாஸ், லூசியானா மாநிலங்களில் கிடைக்கும் பனைக் கல்மரத்தைப் பற்றியது.

மரம் எப்படிங்க கல்லாகும்? மரம் மாதிரி தெரியுற கல்லா, இல்ல நிஜமாவே மரமா?

நிஜமாகவே மரமாக இருந்ததுதான். விழுந்த மரம் சாதாரணமாக மக்கிப் போகும். சேற்றிலோ மணலிலோ எரிமலைச் சாம்பலிலோ சீக்கிரமே புதைந்துவிட்டால் காற்றுப் படாது, மக்குவதும் மெதுவாகும். அதற்குள் சிலிக்கா (மணலில் இருக்கும் கனிமப் பொருள்) கரைந்த நிலத்தடி நீர் மரத்துக்குள் ஊறிவிடும். முதலில் செல்களுக்குள் இருக்கும் வெற்றிடத்தில் சிலிக்கா படியும். அப்புறம் செல் சுவர் இருந்த இடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிலிக்காவாகும். முதலில் ஓப்பலாகப் படிவது நாளடைவில் கால்சிடனியாகவும் குவார்ட்ஸாகவும் மாறும்; மூன்றும் சிலிக்காவின் வடிவங்கள்தான். நார் எங்கே ஓடியது, குழாய் எங்கே இருந்தது என்பது மட்டும் கலையாமல் நிற்கும்.

இந்தப் பகுதிக்குச் சிலிக்கா கொடுத்தது எரிமலைச் சாம்பல். மேற்கு டெக்சாஸிலும் மெக்சிகோவிலும் அப்போது எரிமலைகள் குமுறிக்கொண்டிருந்தன. அந்தச் சாம்பல் காற்றிலும் ஆற்றிலும் வந்து கடலோரச் சமவெளியில் படிந்தது. அப்படி உண்டான பாறை அடுக்குக்குக் கட்டஹூலா என்று பெயர். இங்கே கிடைக்கும் பனைக் கல்மரம் பெரும்பாலும் இந்த அடுக்கிலிருந்து வருவதுதான். ஒலிகோசீன் காலம், அதாவது சுமார் 2 கோடியே 30 லட்சம் முதல் 3 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையது.

பனைன்னா நம்ம ஊர்ப் பனைமரமேவா?

இல்லை. பனைக் குடும்பம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தென்னை, ஈச்சை, பாக்கு எல்லாம் அந்தக் குடும்பம்தான். டெக்சாஸில் அப்போது இருந்தவை அதே குடும்பத்தைச் சேர்ந்த, இப்போது இல்லாத இனங்கள். இன்றும் கிழக்கு டெக்சாஸ் காடுகளில் நிழலான ஈரத் தரையில் குட்டைப் பனை ஒன்று விசிறி மட்டையோடு வளர்வதைப் பார்க்கலாம். ஒலிகோசீனில் கடற்கரை இன்னும் உள்ளே தள்ளியிருந்தது. வெப்பமும் ஈரமும் கூடுதல். பனைகளுக்கு அதுவே தோது.

டெக்சாஸ் 1969-இல் பனைக் கல்மரத்தைத் தன் மாநிலக் கல்லாக அறிவித்தது. லூசியானா 1976-இல் அதையே மாநிலப் புதைபடிவமாக வைத்துக்கொண்டது. ஒரே பொருள், ஒரு பக்கம் கல், எல்லை தாண்டினால் புதைபடிவம்.

கையில எடுத்ததும் முதல்ல எதைப் பார்க்கணும்?

குறுக்கு முகத்தை. தடியை ரம்பத்தால் அறுத்தால் தெரியும் முகம் எதுவோ, அது. கல்லில் அந்த முகம் இயற்கையாகவே உடைந்து ஏதாவது ஒரு பக்கத்தில் இருக்கும். தண்ணீரில் நனைத்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். காய்ந்த கல்லில் தெரியாத பாதி விஷயம் நனைத்ததும் தெரியும். முகம் முழுக்கப் புள்ளிகள் சிதறியிருந்தால், வளையம் எதுவும் இல்லாவிட்டால், பனையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அத்தோடு நிற்க வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. ஒவ்வொரு புள்ளியும் வெறும் வட்டம் அல்ல என்பது அதில் தெரியும். புள்ளியின் ஒரு பாதி அடர்த்தியான தொப்பியாக இருக்கும், அது நார். மறுபாதியில் ஒன்றிரண்டு நுண்ணிய துளைகள் இருக்கும். அவை தண்ணீர் ஏறிய குழாய்கள். புள்ளிகளுக்கு நடுவே இருப்பது மென்திசு. நன்றாகக் கல்லான துண்டில் இந்தத் தொப்பியும் துளையும் அச்சடித்தது போலத் தெளிவாக இருக்கும். இதைப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

மத்த மரத்துல வளையம் இருக்கு, பனையில மட்டும் ஏன் புள்ளி?

தேக்கு, வேம்பு, ஓக் போன்ற மரங்களில் பட்டைக்கு உள்ளே ஒரு வளரும் படலம் உண்டு. அது ஆண்டுதோறும் புதுக் கட்டையைச் சேர்த்துக்கொண்டே போகும். வளையம் அதனால் வருகிறது. பனைக்கு அந்தப் படலம் கிடையாது. வேரிலிருந்து தண்ணீர் கொண்டுபோகும் குழாயும் இலையிலிருந்து சத்து கொண்டுவரும் குழாயும் நாரோடு சேர்ந்து தனித்தனிக் கற்றைகளாகத் தண்டு முழுக்க ஓடுகின்றன. குறுக்கே பார்த்தால் கற்றை புள்ளியாகத் தெரிகிறது. வளையமே இல்லாததால், எண்ணிப் பார்த்துப் பனையின் வயதைச் சொல்லவும் முடியாது.

ஊரில் பழைய ஓட்டு வீட்டின் பனங்கையை வெட்டிய முனையில் பார்த்திருப்பீர்கள்: வெளிப்பக்கம் கறுப்புப் புள்ளிகள் நெருக்கமாக, வைரம் பாய்ந்து இருக்கும், உள்ளே போகப் போகப் புள்ளி குறைந்து சோறாகிவிடும். தொல்காப்பிய மரபியல் புறத்தே காழ் (வைரம்) உள்ளதைப் புல் என்றும் அகத்தே காழ் உள்ளதை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனை புல் பக்கம்தான். தாவரவியலாரும் அதைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களில்தான் வைத்திருக்கிறார்கள். பனங்கை பார்த்து வளர்ந்தவருக்கு டெக்சாஸ் ஓடையில் பனைக் கல்மரத்தை அடையாளம் காண்பது இங்கேயே பிறந்தவரைவிடச் சுலபம் என்பது என் எண்ணம்.

என் கல்லில் புள்ளியே இல்லை, நீள நீளமாகக் கோடுதான் இருக்கு. அப்போ பனை இல்லையா?

கல்லைத் திருப்பிப் பாருங்கள். நெடுக்கில் உடைந்த முகத்தில் கற்றைகள் கோடுகளாகத்தான் தெரியும். சாய்வாக உடைந்திருந்தால் புள்ளி சீரகம் போல நீண்டிருக்கும். ஒரே கல்லில் ஒரு பக்கம் புள்ளி, அடுத்த பக்கம் கோடு, மூலையில் சீரகம் என்று மூன்றும் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

கோடு மட்டுமே உள்ள கல்லின் படத்தை அனுப்பி என்னிடம் முடிவு கேட்காதீர்கள். சாதாரணக் கல்மரத்திலும் நெடுக்குக் கோடு வரும், வரிப் பாறையிலும் வரும். குறுக்கு முகத்தின் படம் வேண்டும், நனைத்து எடுத்ததாக.

துளை துளையா இருக்கு. பனைதானே?

அவசரப்படாதீர்கள். அதிகம் குழப்புவது இந்த இடம்தான். பனையின் புள்ளி பெரும்பாலும் நிரம்பிய புள்ளி. துளையாகத் தெரிந்தால் அது என்ன துளை என்று பார்க்க வேண்டும்.

ஓக் வகைக் கல்மரத்தில் துளைகள் வளையத்தை ஒட்டி வரிசை கட்டி நிற்கும். நடுவிலிருந்து பட்டை நோக்கி மெல்லிய கதிர்க் கோடுகளும் ஓடும். பனையில் வரிசையும் இல்லை, கதிரும் இல்லை. கப்பல் புழு துளைத்த கட்டை கல்லானால் பென்சில் போகும் அளவுக்குக்கூட ஓட்டைகள் இருக்கும். அந்த ஓட்டை வளைந்து நெளிந்து போகும், கற்றை அப்படி நெளியாது. பவளப் புதைபடிவத்தில் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் நட்சத்திரம் போன்ற தடுப்புகள் தெரியும். எலும்பு கல்லானால் கடற்பஞ்சு போன்ற நுண்ணறைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்.

இன்னொன்று, பனையின் வேர். வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கல்லான துண்டுகளும் இங்கே கிடைக்கின்றன. அவற்றில் பெரிய வட்டங்களும் ஒவ்வொரு வட்டத்தின் நடுவே ஒரு மையமும் இருக்கும். தண்டின் புள்ளியோடு ஒப்பிட்டால் அளவே வேறு. பனை இல்லை என்று அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்; பார்க்க ரொம்ப அழகானது, தண்டைவிடக் குறைவாகக் கிடைப்பது.

மக்கின மரமா, கல்லானதான்னு வீட்டிலேயே எப்படிச் சோதிக்கிறது?

எடையே சொல்லிவிடும். அதே அளவு விறகைவிடப் பல மடங்கு கனக்கும். எஃகுக் கத்தி முனையால் கீறுங்கள். சிலிக்காவாக மாறியிருந்தால் கீறல் விழாது. கத்திதான் தேய்ந்து கறுப்புக் கோடு போடும். கண்ணாடித் துண்டில் கல்லை அழுத்தி இழுத்தால் கண்ணாடி கீறும். கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் குவார்ட்ஸின் கடினம் 7, கண்ணாடி ஐந்தரையை ஒட்டி வரும்.

சுண்ணாம்புக் கல்லா என்று சந்தேகம் இருந்தால், கொஞ்சம் பொடித்து வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு.

சிவப்பு, மஞ்சள், கறுப்புன்னு கலர் வேற வேறயா வருதே?

சிலிக்காவுக்கு நிறம் கிடையாது. கூட வந்த இரும்பு சிவப்பு, மஞ்சள், பழுப்பு கொடுக்கும். மாங்கனீசு கறுப்பாக்கும். நிறத்தை வைத்து இனத்தையோ வயதையோ சொல்ல முடியாது.

சரி, எங்கே போனால் கிடைக்கும்?

கட்டஹூலா அடுக்கு வெளியே தெரியும் பட்டையைப் பிடித்துப் போங்கள். லூசியானாவின் நடுப்பகுதியில் ரேப்பிட்ஸ் பாரிஷ் (அங்கே கவுண்டிக்கு அதுதான் பெயர்) பக்கமிருந்து மேற்கே டெக்சாஸுக்குள் நுழைந்து, நியூட்டன், ஜாஸ்பர், டைலர் கவுண்டிகள் வழியாக வளைகுடாக் கரைக்கு இணையாகத் தென்மேற்கே அது போகிறது. மாநில நிலவியல் வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் இந்தப் பட்டையைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் பெட்ரோல் மிச்சம்.

பட்டைக்குள் போன பிறகு தேட வேண்டிய இடம் ஓடைப் படுகையின் சரளைத் திட்டு, உழுத வயல், சரளைக் குழி, தண்ணீர் வடிந்த ஏரிக்கரை. சுற்றியிருக்கும் மண் அரித்துப் போகும், கெட்டியான கல் அரிக்காது; அதனால் கல்மரம் மேலே தங்கிவிடும். பெருமழை பெய்து நான்கைந்து நாள் கழித்துப் போனால் புதிதாகக் கழுவப்பட்ட கற்கள் கண்ணில் படும். ஆறு உருட்டிக்கொண்டு போவதால் அடுக்கைவிட்டு வெகுதூரம் தள்ளியும் கிடைப்பதுண்டு.

யாருமில்லாத இடம்தானே, எடுத்தா என்ன?

டெக்சாஸில் ஆளில்லாத இடம் உண்டு, உரிமையாளர் இல்லாத இடம் கிடையாது. நிலத்தின் பெரும்பகுதி தனியாருடையது. உரிமையாளரிடம் கேட்டு, முடிந்தால் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கேட்டைத் திறந்தால் திரும்ப மூடுங்கள். மாடு வெளியேறினால் அடுத்து வருபவருக்கும் சேர்த்துக் கதவு அடைபடும். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் உள்ளூர் ஜெம் அண்ட் மினரல் கிளப் ஒன்றில் சேருங்கள். அனுமதி வாங்கிக் குழுவாக அழைத்துப் போவார்கள்.

பொது நிலத்தில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு விதி. தேசியப் பூங்காவில் ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. ராணுவப் பொறியாளர் துறை நிர்வகிக்கும் ஏரிகளில், உதாரணமாக சாம் ரேபர்ன், எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் கல், கனிமம், புதைபடிவம் எதையும் அகற்றக் கூடாது. "ஒரு நாளைக்கு 25 பவுண்டு எடுக்கலாமாமே" என்று பலர் கேட்கிறார்கள். அது மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையின் (BLM) விதி: சொந்த உபயோகத்துக்கு ஒரு நாளில் 25 பவுண்டும் கூடவே இன்னொரு துண்டும், ஆண்டுக்கு மொத்தம் 250 பவுண்டு, விற்கக் கூடாது. மேற்கு மாநிலங்களில் அந்தத் துறைக்கு நிலம் ஏராளம். டெக்சாஸில் இல்லையென்றே சொல்லலாம். எனவே இங்கே அந்த 25 பவுண்டை நம்பி இறங்காதீர்கள்.

எந்த மாசம் நல்லது? என்ன எடுத்துட்டுப் போகணும்?

குளிர்காலக் கடைசி. புல்லும் கொடியும் காய்ந்து தரை தெரியும், பாம்பும் உண்ணியும் குறைவு. ஓடைக்கரை என்றால் காட்டன்மவுத் என்ற விஷப் பாம்பு இருக்கும் என்றே நினைத்து நடங்கள்; கல்லைக் கையால் புரட்டாமல் தடியால் புரட்டுங்கள். மான் வேட்டைக் காலமாக இருந்தால் ஆரஞ்சு நிற மேலாடை கட்டாயம். மற்றபடி தண்ணீர் பாட்டில் (குடிக்க ஒன்று, கல்லை நனைக்க ஒன்று), கைலென்ஸ், பழைய செய்தித்தாள், மார்க்கர் பேனா போதும்.

மார்க்கர் எதற்கென்றால், கிடைத்த இடத்தையும் தேதியையும் அங்கேயே எழுதுவதற்கு. போனில் இருப்பிடத்தை ஒரு எண் போட்டுச் சேமித்துக்கொண்டு, கல்லைச் சுற்றிய தாளில் அதே எண்ணைப் போடுங்கள். இடம் தெரியாத கல்மரம் ஷெல்ஃபில் வைக்கத்தான் ஆகும், ஆராய்ச்சி செய்பவருக்கு அதனால் உபயோகம் இல்லை.

பெரிய தடியா மண்ணில் பாதி புதைஞ்சு கிடக்கு. சுத்தியலால் உடைச்சு எடுத்துக்கலாமா?

வேண்டாம். குவார்ட்ஸ் உடையும்போது கண்ணாடிச் சில்லாகத் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. தடியும் நீங்கள் நினைத்த இடத்தில் உடையாது. முழுத் தடியாக இருந்தால் படம் எடுத்து, இடம் குறித்து, நில உரிமையாளரிடம் சொல்லுங்கள். பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறைக்கும் தெரிவிக்கலாம். முழுத் தண்டின் குறுக்கு முகம் கிடைப்பது அரிது.

எப்படிக் கழுவுறது? எண்ணெய் தடவினா பளபளக்குமா?

சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கியும் போதும். துருக்கறை ரொம்ப இருந்தால் ஆக்ஸாலிக் அமிலக் கரைசலில் ஊற வைப்பார்கள். அது விஷம், கையுறை போட்டு, பிளாஸ்டிக் வாளியில், குழந்தைகள் எட்டாத இடத்தில் செய்ய வேண்டும். பிறகு பல முறை அலச வேண்டும்.

எண்ணெயும் வார்னிஷும் எனக்குப் பிடிக்காது. எண்ணெய் தூசியை இழுக்கும், வார்னிஷ் சில வருடத்தில் மஞ்சளாகும். அதைவிட ஒரு முகத்தை மட்டும் பாலிஷ் செய்துவிட்டு மற்றதைக் கிடைத்தபடியே விடுங்கள்.

வெட்டிப் பாலிஷ் போட கிரானைட் கடையில் கொடுக்கலாமா? நானே கிரைண்டரில் வெட்டலாமா?

காய்ந்த நிலையில் கிரைண்டர் பக்கம் போகவே வேண்டாம். பறக்கும் தூசி சிலிக்கா. தொடர்ந்து சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும், அதற்கு மருந்து கிடையாது. வைர விளிம்புள்ள தகடு, தண்ணீரோ எண்ணெயோ ஓடும் ரம்பம், இவை இருந்தால்தான் வெட்ட வேண்டும். மேலே சொன்ன கிளப்புகளில் பட்டறை வைத்திருப்பார்கள், கற்றும் கொடுப்பார்கள். கிரானைட் கடைக்காரர் சம்மதித்தால் சரி, பெரும்பாலும் சின்னக் கல்லுக்காக மெஷினை ஒதுக்க மாட்டார்கள்.

எப்படி வெட்டுவது என்பது உங்கள் விருப்பம். புள்ளி வேண்டுமானால் கற்றைக்குக் குறுக்கே. மோதிரக் கல்லுக்குக் கொஞ்சம் சாய்த்து வெட்டினால் சீரகங்கள் ஒரே பக்கம் சாய்ந்து நன்றாக இருக்கும்.

லீவுக்கு ஊருக்குப் போறோம். திருவக்கரையிலிருந்து ஒரு துண்டு எடுத்து வரலாமா?

கூடாது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையும் பெரம்பலூர் பக்கத்துச் சாத்தனூரும் கல்மரங்களுக்காக இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அறிவித்த தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்கள். பார்க்கலாம், படம் எடுக்கலாம், அவ்வளவுதான். குழந்தைகளை அழைத்துப் போங்கள். திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோவிலுக்குப் போகிற பலர் பக்கத்திலேயே இருக்கும் கல்மரப் பூங்காவை எட்டிப் பார்ப்பதில்லை.

பனை தேடிப் போனால் ஏமாற்றமாக இருக்கும். திருவக்கரையில் கிடக்கும் சுமார் 2 கோடி ஆண்டு பழைய தடிகள் பெரும்பாலும் இருவித்திலை மரங்கள். வேரோ கிளையோ இல்லாமல் படுத்துக் கிடப்பதால், ஆற்று வெள்ளம் அடித்து வந்தவை என்கிறார்கள். சாத்தனூரின் 18 மீட்டர் தடி, டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டமான கிரெட்டேசியஸ் காலத்து ஊசியிலை மரம். இந்தியாவில் பனைக் கல்மரம் பார்க்க மத்தியப் பிரதேசம் போக வேண்டும். தக்காண எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு நடுவே அங்கே பனைகள் கல்லாகியிருக்கின்றன. திண்டோரி மாவட்டத்தில் குகுவா புதைபடிவப் பூங்கா இருக்கிறது. அங்கேயும் கை வைக்கக் கூடாது.

கார்பன் டேட்டிங் பண்ணி என் கல்லுக்கு வயசு சொல்ல முடியுமா?

முடியாது. கார்பன்-14 முறை சுமார் 50,000 ஆண்டு வரைதான் எட்டும். நம் கல்லுக்குக் கோடிக்கணக்கில் வயது. மரத்தின் கார்பனும் பெரும்பாலும் போய்விட்டது. கல் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரிந்தால் அந்த அடுக்கின் வயதே கல்லின் வயது. மார்க்கர் பேனா எடுத்துப் போகச் சொன்னது இதற்கும்தான்.

ஆன்லைனில் ஒருத்தர் 'அரிசோனா பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் பனை'ன்னு விக்கிறார். வாங்கலாமா?

இரண்டு வகையில் இடிக்கிறது. பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் ஒரு தேசியப் பூங்கா; அங்கிருந்து எடுத்தது என்றால் திருட்டுப் பொருள். எடுத்துப் போனவர்கள் மனம் உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பி அனுப்பும் கற்கள் அங்கே ஒரு குவியலாகவே சேர்ந்திருக்கின்றன. அடுத்தது, அங்கிருக்கும் மரங்கள் டிரையாசிக் காலத்தவை, 20 கோடி ஆண்டுக்கும் மேல். பனைகளின் சுவடு கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியில்தான் தெரியத் தொடங்குகிறது. டிரையாசிக் பனை என்று ஒன்று இருக்க முடியாது.

கடைகளில் வரும் இந்தோனேசியப் பனைக் கல்மரம் உண்மையானதுதான். ஆனால் அதே நாட்டுப் பவளப் புதைபடிவமும் சில இடங்களில் பனை என்ற பெயரில் வந்துவிடும். நட்சத்திரத் தடுப்பு இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

உள்ளங்கை அளவுத் துண்டுதான் இருக்கு. இது மரத்தோட எந்தப் பகுதி, தென்னையா ஈச்சையான்னு சொல்ல முடியுமா?

பகுதியை ஓரளவு சொல்லலாம். புள்ளிகள் நெருக்கியடித்து இருந்தால் தண்டின் வெளி ஓரம். தள்ளித் தள்ளி இருந்தால் உள்பக்கம். ஒரு துண்டிலேயே நெருக்கம் படிப்படியாகக் குறைந்தால் எந்தப் பக்கம் பட்டை என்பதும் தெரிந்துவிடும். ஓரத் துண்டில் இன்னொரு தடயமும் உண்டு: புள்ளியின் நார்த் தொப்பி பெரும்பாலும் பட்டைப் பக்கம் பார்த்து இருக்கும். நடுப்பகுதியில் தொப்பிகள் கண்டபடி திரும்பியிருக்கும். அங்கே இதை நம்ப வேண்டாம்.

இனம் சொல்வது வேறு கதை. இலை, காய், பூ இல்லாமல் தண்டு மட்டும் கிடைத்தால் 'பாமாக்ஸிலான்' என்ற பொதுப் பெயரில்தான் எழுதுவார்கள். இந்தியத் தொல்தாவரவியலாளர் பீர்பல் சாஹ்னி 1946-இல் தக்காணத்துத் தண்டு ஒன்றைத் தென்னையை ஒத்தது என்று விவரித்து, பாமாக்ஸிலான் சுந்தரம் என்று பெயரிட்டார். அவரே அதைத் தென்னை என்று அடித்துச் சொல்லவில்லை, தென்னை போன்றது என்றுதான் சொன்னார். கல்லைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் கற்றையின் வடிவத்தையும் மென்திசுவையும் பார்த்தால் குழுவை நெருங்கலாம். வாட்ஸ்அப் படத்தில் என்னால் சொல்ல முடிவது பனையா இல்லையா என்பது வரைக்கும்தான்.